கைக்குழந்தைகளின் பிராங்கியோலைட்டிஸ்: முக்கியக் குறிப்புகள்

எம்.ஆர்.பி. செவிலியர் தேர்வுக்குப் படிக்கும் கோவிலம்பாக்கம் தோழிகளுக்காக

• நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழல்களை வைரஸ் தாக்கும் நோய். 2 வயதுக்குள் வரும். முதல் 6 மாதங்களில் அதிகம். குழலின் உட்சுவர் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் அடைப்பதால்தான் இழுப்பு. ஆஸ்துமாபோலத் தசை இறுகுவது இங்கே முக்கியக் காரணமில்லை. இது மனத்தில் நின்றால் சிகிச்சைக் கேள்விகளில் பாதிக்கு விடை தானே வரும்.

• முதன்மைக் கிருமி ஆர்.எஸ்.வி. வைரஸ். 1956-இல் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் கண்டறியப்பட்டது.

• கண்டறிவது பார்த்தும் கேட்டும் எண்ணியும்தான். இரண்டு மூன்று நாள் மூக்கொழுகல், பிறகு இருமல், வேக மூச்சு, இழுப்பு, நெஞ்சு உள்வாங்குதல். 3 முதல் 5-ஆம் நாள் வரை கூடி, பின் தணியும். எக்ஸ்ரே வழக்கமாகத் தேவையில்லை. அதில் தெரியும் திட்டை நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள்.

• வேக மூச்சு: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும்.

• சால்பியூட்டமால், அட்ரினலின், ஸ்டீராய்டு, நெஞ்சைத் தட்டும் பிசியோதெரபி எதுவும் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதல். பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக். நம் தெருக்களில் நெபுலைசர் வைக்காவிட்டால் வைத்தியமே பார்க்கவில்லை என்று பெற்றோர் வருந்துகிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவதும் செவிலியர் வேலைதான்.

• தர வேண்டியவை: மூக்கடைப்பை நீக்குதல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தாய்ப்பால், குடிக்க முடியாவிட்டால் மூக்குக்குழாய் வழியாகப் பால் அல்லது டிரிப்ஸ், ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன்.

• இருமல் சிரப் கூடவே கூடாது. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நமக்கு அருகிலுள்ள சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதக்கூடாது என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. கேள்வியாக வரவில்லை என்றாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

• தடுப்பு: கை கழுவுதல், தாய்ப்பால், புகையில்லாத வீடு. பீடி, சிகரெட் மட்டுமல்ல. மழைக்காலக் கொசுவர்த்தியும், குளிப்பாட்டியபின் தலைக்குக் காட்டும் சாம்பிராணியும் புகைதான். ஆர்.எஸ்.வி.க்கு எதிராகப் பாலிவிசுமாப் (1998), நிர்செவிமாப் (2023) ஊசிகளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கும் அங்கே 2023-இல் அனுமதி கிடைத்தது.

• கூடுதல் ஆபத்து: குறைப்பிரசவம், 3 மாதத்துக்குட்பட்ட வயது, பிறவி இதயக் கோளாறு.

• உதடு நீலமாதல், மூச்சு விட்டு விட்டு வருதல், முனகல், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காமை, 12 மணி நேரம் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உயர் சிகிச்சைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.