சேவை நாளுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் ‘தான் உத்சவ்’ கொடை வாரம் நடக்கிறது. அதையொட்டி ஊழியர்களைக் காப்பகங்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள், “உங்களிடம் முடியாமல் கிடக்கும் வேலை என்ன?” என்று முதலில் அந்த அமைப்பைக் கேட்க வேண்டும். ஐம்பது பேர் ஒரே நாளில் வந்து இறங்கினால், அவர்களைக் கவனிப்பதிலேயே அங்குள்ள சில பணியாளர்களின் நாள் போய்விடும். போன வருடம் வெள்ளையடித்த சுவருக்கு மறுபடி வண்ணம் எதற்கு? நன்கொடை ரசீதுகளைக் கணினியில் ஏற்றவும், தணிக்கைக்குக் கணக்கை ஒழுங்குசெய்யவும்தான் பெரும்பாலும் ஆள் தேவை. அதற்கு ஐந்து பேர் போதும். மாதாமாதம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டமாகப் போனால்தானே ஊழியர்களுக்குள் நெருக்கம் வளரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம். சாப்பாடு, பயணம், பொருள்களின் செலவை நிறுவனமே ஏற்பதுதான் நியாயம். 2013 கம்பெனிகள் சட்டம், வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஊழியர்கள் உழைத்த நேரத்துக்கு விலைபோட்டு அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குழந்தைகள் இல்லத்துக்குப் போனால், பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வெளியிடாதீர்கள்; சிறார் நீதிச் சட்டம் அதைத் தடுக்கிறது.