கார்டில் 5 வோல்ட் வரவில்லையா? கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள்

குரோம்பேட்டை முதல் தாம்பரம், வண்டலூர் வரை பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. புராஜெக்ட் காலம் வந்துவிட்டால் இப்பகுதி வீடுகளில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் வந்து உட்கார்ந்துவிடும். அதுதான் டேட்டா அக்விசிஷன் கார்டு. சென்சார் தரும் வோல்டேஜை அளந்து, எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இதன் வேலை. முன்பு கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருகும் அட்டையாக வந்ததால் 'கார்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் யுஎஸ்பி கேபிளில் இணைப்பது.

பெரும்பாலான கார்டுகளில் சென்சாருக்கு மின்சாரம் தர ஒரு 5 வோல்ட் அவுட்புட் இருக்கும். "அதில் 5 வோல்ட் வரவில்லை, கார்டு போய்விட்டது" என்று சொல்லி ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன், கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள். தேவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டுமே.

எவ்வளவு தாங்கும்?

ஓர் உண்மையான கருவியை எடுத்துக்கொள்வோம். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் யுஎஸ்பி-6008. இதில் 31-ஆம் முனை 5 வோல்ட், 30-ஆம் முனை 2.5 வோல்ட், 32-ஆம் முனை கிரவுண்ட். 5 வோல்ட் முனையிலிருந்து அதிகபட்சம் 200 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். 2.5 வோல்ட் முனையிலிருந்து 1 மில்லி ஆம்பியர்தான்.

இப்போது ஒரு மாணவர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அளவைக் காட்டும் புராஜெக்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிதவையோடு சேர்ந்து திரும்பும் ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்தான் சென்சார். இது அரை மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அதே 5 வோல்ட்டில் நான்கு ரிலே உள்ள போர்டையும் இணைத்துவிடுகிறார். கடைகளில் கிடைக்கும் சிறிய 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம். அதாவது ஒரு ரிலேக்கு சுமார் 71 மில்லி ஆம்பியர். இரண்டுக்கு 142. மூன்றாவது ரிலே சேரும்போது 213 ஆகி, எல்லை தாண்டிவிடுகிறது. முதல் இரண்டும் ஒழுங்காக 'டிக்' என்று அடிக்கும். மூன்றாவதில் தகராறு தொடங்கும். இங்கே கார்டு கெடவில்லை, சுமைதான் கூடிவிட்டது.

சோதனை 1: சுமையைக் கழற்றுங்கள்

5 வோல்ட் முனையில் உள்ள எல்லா ஒயர்களையும் கழற்றுங்கள். பல கார்டுகளில் தானே மீளும் ஃப்யூஸ் இருக்கும். அதிக மின்னோட்டத்தில் இது சூடாகி வழியை அடைக்கும். சுமையை எடுத்தால் ஆறிப் பழைய நிலைக்கு வரும். அதனால் யுஎஸ்பி கேபிளையும் பிடுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருந்து மறுபடி செருகுங்கள். இவ்வகை ஃப்யூஸ் வெப்பமான அறையில் குறைந்த மின்னோட்டத்திலேயே அடைத்துக்கொள்ளும். காலையில் வேலை செய்தது மே மாத மதியத்தில் நின்றுபோனால் இதையும் நினைவில் வையுங்கள்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை 5 வோல்ட்டிலும் வையுங்கள். சிவப்பு ஒயர் மீட்டரில் 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கக் கூடாது. இருந்தால் நீங்களே ஷார்ட் செய்ததாகிவிடும். 31, 32 முனைகள் அடுத்தடுத்து இருப்பதால் கை நழுவினாலும் ஷார்ட்தான். இரண்டு சிறு ஒயர்களை முனைகளில் முறுக்கி வைத்து அவற்றில் அளப்பது நல்லது.

சோதனை 2: போர்ட், கேபிள், ஹப்

சுமை இல்லாமலேயே வோல்டேஜ் குறைவாக இருந்தால் ஹப்பை விலக்கிவிட்டு, சிபியூவின் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் நேராகச் செருகுங்கள். வேறு குட்டையான கேபிளைப் போட்டுப் பாருங்கள். மெல்லிய கேபிளின் கம்பியில் மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம் உண்டு. 2 மீட்டர் கேபிளில் போக 2, வர 2 என 4 மீட்டர், ஆக 0.8 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டை அப்படியே வெளியே கொடுக்கும் கார்டுகளில் இதனால் 4.6 வோல்ட்தான் மிஞ்சும்.

சோதனை 3: ஒன்றொன்றாகச் சேருங்கள்

சுமை இல்லாமல் 5 வோல்ட் சரியாக வருகிறதா? அப்படியானால் முதலில் சென்சாரை மட்டும் இணைத்து அளங்கள். பிறகு ஒவ்வொரு ரிலேயாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் வோல்டேஜ் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. அந்தப் பகுதியைத் தனியே கழற்றி, மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து அதன் பிளஸ், மைனஸ் இடையே பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்.

சுமை அதிகம் என்று தெரிந்தால் ரிலே போர்டுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் போடுங்கள். இரண்டு கிரவுண்டுகளையும் சேர்க்கலாம். இரண்டு 5 வோல்ட்களை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ரிலேயில் 230 வோல்ட் மோட்டாரை இணைக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாச் சுமையையும் எடுத்து, போர்ட்டும் கேபிளும் மாற்றிய பிறகும் 2.5 வோல்ட் சரியாக இருந்து 5 வோல்ட் மட்டும் வராவிட்டால், அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம்.

வோல்டேஜ் குறைந்தால் கணக்கும் தப்பும்

5 வோல்ட் அடியோடு நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். 4.5 ஆகக் குறைந்தால்தான் ஆபத்து. எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது நம் சென்சார் 2.5 வோல்ட் தர வேண்டும். சப்ளை 4.5 ஆனால் அது தருவது 2.25. புரோகிராம் அதை 45 சதவீதம் என்று காட்டும். தண்ணீர் குறையவில்லை, வோல்டேஜ்தான் குறைந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஏறுவதோ தப்பான எண்.

இதற்கு எளிய வழி உண்டு. யுஎஸ்பி-6008-ல் எட்டு அனலாக் இன்புட்கள் உள்ளன. 10 வோல்ட் வரை அளக்கும். சென்சாரை ஒரு சேனலில் கொடுங்கள். 5 வோல்ட் சப்ளையையே இன்னொரு சேனலில் கொடுங்கள். புரோகிராமில் முதலாவதை இரண்டாவதால் வகுத்துவிடுங்கள். 2.25-ஐ 4.5-ஆல் வகுத்தாலும் பாதிதான் வரும். சப்ளை விழுந்தால் இரண்டாவது சேனலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீட்டரைத் தேட வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் '5 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், சுமையோடு ஒருமுறை, சுமை இல்லாமல் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறமும் கடைக்குப் போக நேர்ந்தால், அந்த இரண்டு எண்களைக் காட்டினாலே கோளாறு எங்கே என்று அவருக்குப் பாதி புரிந்துவிடும்.