மூத்த வணிகருக்கு ஏற்ற மடிக்கணினி

சிட்டையிலும் பேரேட்டிலும் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு, 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் கணினியை விட்டு விலகி நிற்க வழியில்லாமல் போயிற்று. கணக்குப்பிள்ளை வராத நாளில் நாமே உட்கார்ந்து பில் போட வேண்டியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய, நுணுக்கம் தெரியாத வணிகர் மடிக்கணினி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை, நாம் பட்டறிந்த அளவில் எழுதுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மெல்லியதாகவும் பளபளப்பாகவும் இருந்த ஒன்றை அழகில் மயங்கி வாங்கினோம். திரை 14 அங்குலம். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. ஒரு நாள் 38,600 ரூபாய் வரவை 33,600 என்று பதிந்துவிட்டோம். மாதக் கடைசியில் பாக்கி 5,000 கேட்டு ஆள் அனுப்பினோம். இருபது ஆண்டுகளாக நம்மிடம் பருப்பு எடுக்கும் கடைக்காரர் ரசீதோடு நேரில் வந்து, "என்ன அண்ணாச்சி, நான் பாக்கி வைக்கிற ஆளா?" என்று கேட்டார். ரசீதில் இருந்தது நம் கையெழுத்துதான். மன்னிப்புக் கேட்டோம். ஆனாலும் இரண்டு மாதம் அவர் சரக்கு எடுக்க வரவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது திரை. 15.6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னாமல் மங்கலாக இருந்தால் கடையின் டியூப்லைட் அதில் எதிரொளிக்காது. அடுத்தது விசைப்பலகை. வலப்பக்கத்தில் கால்குலேட்டர்போல எண்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும்; 15.6 அங்குலத்திலும் சில மாடல்களில் அது இருப்பதில்லை. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் பருப்பு வாங்குவோமா? அதுபோல நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடையிலேயே பத்து வரி எண்களை அடித்துப் பாருங்கள். எழுத்து சிறிதாகப்பட்டால் அமைப்பில் 125 அல்லது 150 சதவீதமாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கணக்கு, பில், ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் ஆகியவற்றுக்கு ஐ3 அல்லது ரைசன் 3 போதும். ராம் 8 ஜி.பி. இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. என்று கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டு என்று விலையை ஏற்றினால், அது விளையாட்டுக்கும் படம் தயாரிப்பவருக்கும் உரியது என்று சொல்லி விடலாம்.

விண்டோஸ் விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய மடிக்கணினியில் இதுதான் வில்லங்கம். சில புதியவை 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இல்லாத மென்பொருளை அதில் ஏற்ற முடியாது. கட்டணமின்றி மாற்றிவிடலாம், கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை நம்பியிருப்பவர்கள் குரோம்புக், மேக் பக்கம் போக வேண்டாம்.

பில் பிரிண்டரும் பென் டிரைவும் செருகச் சாதாரண யு.எஸ்.பி. துளை இரண்டாவது வேண்டும். நம் மெல்லிய கணினியில் அது இல்லாமல், இணைப்புக்குத் தனியாகச் செலவு செய்தோம். கடை மூடுமுன் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். கல்லாச் சாவியோடு அதுவும் சேர்ந்தே போகிறது.

பில்லைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் போடச் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்கும் கணினிக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. பழுது பார்க்க ஆள் கடைக்கே வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெல்லியதைப் பேத்தியின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, 15.6 அங்குலத்தில் ஒன்று வாங்கினோம். அந்தக் கடைக்காரர் மறுபடி வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பி, வரவை அவர் கண் முன்னாலேயே பதிந்தோம். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம்.