லயத்துக் கூரையும் ஊர்க்குருவியும்: மலையகத்தில் பறவை வரையத் தொடங்கும் இளையவருக்கு

ஊர்க்குருவி மனிதக் குடியிருப்பை விட்டு விலகி வாழ்வது அரிது. காட்டுப் பாதையில் தென்படாத இந்தப் பறவை, ஹட்டன் கடைத்தெருவிலும் நுவரெலியாச் சந்தையிலும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கூசாமல் திரியும். மத்திய கிழக்கில் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், தானியத்தின் பின்னால் வந்து மனிதரோடு ஒட்டிக்கொண்ட இனம் இது. 2018இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஊர்க்குருவியை மனிதரை அண்டாத அதன் உறவான பாக்ட்ரியானஸ் வகையோடு ஒப்பிட்டது. மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவிலும், மண்டையோட்டின் வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுவிலும் மாற்றத்தின் தடங்கள் காணப்பட்டன. வரைகிறவர் அலகின் அடித்தடிப்பில் கூடுதல் கவனம் வைக்க வேண்டியது இதனால்தான்.

மலையகத்தில் இக்குருவிக்கு இடம் கொடுத்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலை மலைகளை மூடியது. அதோடு தகரக் கூரை வரிசைகளும் பெருகின. சுவரின் மேல்விளிம்புக்கும் நெளிந்த தகரத்துக்கும் இடையே எப்போதும் ஒரு சந்து இருக்கும். புல், நூல், இறகு, கந்தல் துணி எல்லாவற்றையும் அதற்குள் திணித்துக் குருவி கூடு வைக்கிறது. மூன்று முதல் ஐந்து முட்டைகள். அடைகாப்பு சுமார் 12 நாள். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப மேலும் இரண்டு வாரம். மழையும் குளிரும் மிகுந்த மேட்டுநிலத்தில், அடுப்பெரியும் காம்பராவின், அதாவது லய அறையின், கூரையோரம் சின்ன உடலுக்குப் பெரிய தஞ்சம்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் சிந்திய சோறும் அரிசியும் போதும், குஞ்சுக்குப் போதாது. முதல் நாட்களில் அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளே அவற்றைத் தருகின்றன. லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்களில் பூச்சிமருந்து ஓயாமல் தெளிக்கப்பட்டால், முற்றம் நிறையத் தீனி கிடந்தும் கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். முற்றத்தில் அரிசி கொத்தும் குருவியை மட்டும் வரைந்தால் அதன் வாழ்வில் பாதிதான் தாளுக்கு வரும். கூட்டுக்குத் திரும்பும் பறவையின் அலகில் இருப்பது என்ன என்று குறித்துக்கொள்வதே நல்ல பயிற்சி.

லயம் குருவிக்கு நல்லது என்பதற்காக அதைப் போற்ற வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே தலைமுறைகளாக முடங்கிக் கிடந்தது பெரும் அநீதி. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்; தனிவீடுகள் எழுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சந்தில்லாமல் பூசி அடைத்த சுவரில் குருவிக்கு இடமில்லை. அதற்குத் தீர்வு எளிது. இலங்கை வீடுகளில் முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டுக் குருவிக்கு இடம் தரும் வழக்கம் பழையது. மரப்பெட்டியானால் துளை சுமார் 32 மில்லிமீற்றர் இருந்தால் போதும். மைனா நுழைய முடியாது. மழைச்சாரல் அடிக்காத சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் அதை மாட்ட வேண்டும். முற்றத்தில் கொஞ்சம் வெறும் மண்ணும் இருக்கட்டும்: சிமெந்துத் தரையில் குருவி புழுதிக் குளியல் போட முடியாது.

மலைத் தகைவிலான் வேறு வகையில் கட்டடத்தை நம்பியிருக்கிறது. தென்னிந்திய மலைகளிலும் இலங்கை மலைநாட்டிலும் வாழும் இப்பறவை, ஈரமண் உருண்டைகளை அலகால் கொண்டுவந்து வராந்தா உத்தரத்தில் கிண்ணம்போல் ஒட்டுகிறது. பாறை விளிம்பு தந்த வசதியைப் பங்களாவும் தேயிலை ஸ்டோரும் தந்தன. 1885இல் நானுஓயா வரை ஏறிய ரயில் பாதை பாலங்களையும் சேர்த்தது. இரை முழுவதும் பறக்கும் பூச்சி. கூட்டைத் துடைப்பத்தால் தட்டிவிடாத மனம் வீட்டாருக்கு இருந்தால், கூட்டுக்கடியில் ஒரு பலகை வைத்து எச்சத்தைச் சமாளித்துக்கொள்ளலாம்.

கவ்வாத்து வெட்டிய மலையில் புதர்ச்சிட்டைப் பார்க்கலாம். மொட்டைத் தேயிலைக் கொம்பில் அமர்ந்து, தரையில் பூச்சி அசைந்தால் இறங்கிப் பிடிக்கும். ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைத் திட்டு, பெண் மண்ணிறம். கொண்டைக்குருவி, தையல்சிட்டு, குண்டுகரிச்சான் ஆகியவை எதையும் தின்று எங்கும் ஒதுங்கும் இயல்பால் பிழைக்கின்றன.

குரலும் மாறக்கூடும். நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுரங்களை விட்டு உயர்ந்த சுரத்தில் பாடுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. வாகன இரைச்சல் தாழ்ந்த சுரங்களையே அமுக்குகிறது. பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவினம் மலையகத்திலும் உண்டு. ஹட்டன் பிரதான வீதியோரத்திலும், ஆளரவமற்ற தேயிலை மலையிலும் அதன் பாட்டைக் கைபேசியில் பதிந்து ஒப்பிடுவது எந்த இளையவருக்கும் இயலும்.

ஊருக்குள் காணும் சிறுபறவையெல்லாம் ஊருக்குப் பழகியதென்று எண்ணுவது பிழை. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவுக்கு, சுமார் 1,868 மீற்றர் உயரத்துக்கு, காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் வந்து போகிறது. அதன் இனப்பெருக்கம் வடமேற்கு இமயத்தில் நடக்கிறது. இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி தோட்டங்களுக்கு வருவதும் அருகில் காடு இருப்பதால்தான். காடு போனால் இதுவும் போய்விடும். ஊர்க்குருவி அப்போதும் கடைத்தெருவில் இருக்கும். இந்த வேறுபாடு படத்தில் தெரிய, பறவையோடு அது நிற்கும் இடத்தையும் வரைய வேண்டும்.

ஜி. எம். ஹென்றி தாமே படங்கள் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் வழிகாட்டி இன்றும் பார்த்துப் பழகத்தக்க நூல். அதோடு ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாள், இடம், கூரையின் வகை, கூட்டுச் சந்தின் அளவு, அலகில் இருந்த இரை ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். பெற்றோர் பறவை இரையோடு வந்து கூட்டுக்குள் நுழையாமல் எதிரே அமர்ந்து கத்தினால், வரைகிறவர் மிக அருகில் நிற்கிறார் என்று பொருள். அது நுழையும் வரை பின்வாங்க வேண்டும்.