இரும்பைக் கொஞ்சம் ஓரமாக வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படம் வந்தது. மொட்டைமாடியில் தகட்டுக் குவியலுக்கு நடுவே நீ உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா போனில் ஒரே புலம்பல். நான் படத்தைப் பெரிதாக்கித் துளைகளைத்தான் பார்த்தேன். துளையின் பின்பக்கம் பிசிறு எடுக்காமல் விட்டிருக்கிறாய். அது தோல்வாரை அறுத்துவிடும். அரம் போடு. நானூறு தகட்டுக்குமா என்று கேட்காதே, நானூறுக்கும்தான். பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரிகூடச் செய்து பார்க்காமல் மொத்தத் தகட்டையும் வெட்டித் தள்ளி, அரைமாதச் சம்பளத்தை இழந்தவன் சொல்கிறேன்.

பைசாந்திய வரலாற்றை எங்கிருந்து படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். 330இல் கான்ஸ்டான்டிநோபிள், 1453இல் வீழ்ச்சி என்று வரிசையாக ஆரம்பித்தால் பத்துப் பேரரசர்களைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போவாய். உன் கைவேலை எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கிருந்து படி.

ஓடு வேய்கிற மாதிரி அடுக்கினேன், பழைய படங்களில் தலைகீழாக இருக்கிறதே என்று எழுதியிருந்தாய் அல்லவா? நல்ல இடத்தில்தான் மாட்டியிருக்கிறாய். செதில் கவசத்தில் மேல்வரிசை கீழ்வரிசையை மூடும். நீ செய்கிற பைசாந்தியத் தகட்டுக் கவசமான கிளிபானியோனில் கீழ்வரிசைதான் மேல்வரிசையின் அடிவிளிம்பை வெளியிலிருந்து மூடும். குதிரைமேல் இருப்பவனைத் தரையில் நிற்பவன் குத்தினால் ஈட்டி எந்தப் பக்கமிருந்து வரும்? இரண்டு வரிசை மட்டும் கட்டி, ஸ்க்ரூடிரைவரால் கீழிருந்து தள்ளிப் பார். புத்தகத்தை அதற்குப் பிறகு திற.

ஓவியங்களை மட்டும் முழுசாக நம்பாதே. ஹோசியோஸ் லூகாஸ் மடத்துச் சுவரில் இருக்கிற யோசுவா நல்ல வழிகாட்டிதான். ஆனாலும் வரைந்தவன் தகடு வெட்டியவன் இல்லை. புனிதர்களுக்குப் பழைய ரோமானியப் பாணிக் கவசத்தை மாட்டிவிட்ட ஓவியர்கள் நிறையப் பேர்.

ஆறு மாத ஞாயிறுகள் போயும் பாதிதான் முடிந்தது என்று அலுத்துக்கொண்டாய். அந்த அலுப்போடு நிகெஃபோரஸ் ஃபோகாஸிடம் போ. 963 முதல் 969 வரை ஆண்ட பேரரசன். அவன் பெயரில் இருக்கிற போர்க் கையேடு, கனக் கவசக் குதிரைப்படையை ஆப்பு வடிவில் நிறுத்தச் சொல்கிறது. முதல் வரிசையில் 20 பேர், அடுத்ததில் 24, இப்படி நான்கு நான்காகக் கூடிப் பன்னிரண்டு வரிசை. கூட்டிப் பார், 504 வரும். குதிரைக்கும் முழங்கால் வரை கம்பளிப் பட்டையும் தோலும். இத்தனைக்கும் காசு யார் கொடுத்தது?

அந்தக் கேள்விக்குத்தான் அவன் போட்ட சட்டத்தில் பதில் இருக்கிறது. படைவீரன் குடும்பம் விற்கக்கூடாத நிலத்தின் மதிப்பு அதுவரை 4 பவுண்டு தங்கம். கவசம் கனத்துவிட்டது என்று இவன் அதை 12 ஆக்கினான். ஒரு பவுண்டுக்கு 72 பொற்காசு என்றால் 864 காசு மதிப்புள்ள நிலம். அவ்வளவு இல்லாத குடியானவன் அந்தப் படைக்கு வருவது கடினம். உன் மொட்டைமாடித் தகடு எந்த ஊர் வயலில் போய் முடிகிறது பார்த்தாயா? எனக்கு அந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். (அவனை 969இல் அரண்மனையிலேயே கொன்றவன் சொந்த மருமகன், உடன்பிறந்தவள் மகன். அந்த அத்தியாயத்தை நீ ரொம்ப ஊன்றிப் படிக்க வேண்டாம்.)

இன்னொன்று. அதே கையேட்டில் காலாட்படைக்கு இரும்புக் கவசமே சொல்லவில்லை. பருத்தியோ முரட்டுப் பட்டோ வைத்துத் தடிமனாகத் தைத்த கவாடியோன் என்ற அங்கி, தலைக்குக் கம்பளித் தொப்பி, அதன்மேல் ஒரு தலைப்பாகை. பெரும்பாலான ஆட்கள் சண்டைக்குப் போனது இப்படித்தான். பளபளப்பைத் தேடிப்போகிற எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் அடுத்த இரண்டு மாதம் இரும்பைக் கொஞ்சம் ஓரமாக வை. முதலில் பஞ்சு அங்கியைத் தை. இரும்புக்கு அடியில் எப்படியும் ஒரு மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை புண்ணாகிவிடும். உன் அத்தையின் பழைய தையல் மெஷின் இங்கே சும்மாதான் கிடக்கிறது, ஊசி மட்டும் கனமானதாக மாற்றவேண்டும். பொங்கலுக்கு வரும்போது நெஞ்சளவு எடுத்துக்கொண்டு வா. அரத்தையும் பத்துத் தகட்டையும் மறக்காதே.

அன்புடன்,
மாமா