பருவ இறுதிப் பணி அழுத்தம்: பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு

விடைத்தாள் திருத்தம், அகமதிப்பீட்டு மதிப்பெண் பதிவேற்றம், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்புகள் ஆகியவை பருவ இறுதியில் ஒன்றாகக் குவியும்போது எழும் பணி அழுத்தம், அதாவது நேரத்தையும் உடல் வலுவையும் மிஞ்சிய வேலை தரும் நெருக்கடி, பின்வரும் வழிகளால் தணியும்.

1. வாராந்திர வேலை நேரத்தை எழுதி வைக்க. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் வாரத்துக்கு 40 மணி நேரப் பணியையும், அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலையும் குறிப்பதால், கூடுதல் பொறுப்பு வரும்போது துறைத்தலைவரிடம் மனக்குறையைவிட இந்தக் கணக்கே எடுபடும்.

2. அகத்தேர்வுத் தாள்களை வினாவாரியாகத் திருத்துக. எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்த பின்னரே அடுத்ததற்குச் சென்றால், ஒரே விடைக்குறிப்பு மனத்தில் நிற்பதால் வேகம் கூடும், மதிப்பெண்ணும் சீராக அமையும். பத்துத் தாள்களுக்கு ஒருமுறை எழுந்து நடக்க. கழுத்து வலி குறையும்.

3. கருத்தரங்கச் சான்றிதழையும் ஆணை நகலையும் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்து ஆண்டுவாரியாகச் சேமிக்க. பதவி உயர்வு விண்ணப்பத்தின்போது தேடி அலைய நேராது.

4. துறையின் வாட்ஸ்அப் குழுவை இரவில் ஒலியடக்குக, தூக்கம் கெடாது.

5. கௌரவ விரிவுரையாளர்மீது பிறர் வேலையைச் சுமத்தாதிருக்க. பணி நிலையாமையே அவர்களுக்குப் போதிய சுமை, அதை எந்தக் குறிப்பும் தீர்க்காது.

6. தூக்கமின்மையோ மனச்சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுக, அல்லது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்க. டெலி மானஸ் எனப்படும் அச்சேவை கட்டணமின்றி, நாள் முழுவதும், தமிழிலும் கிடைக்கிறது.