பெயரும் பொருளும்

ஊர்ச் சந்தையில் துணி வாங்குவோர் அதனைத் தொட்டுப் பார்ப்பர். நெல் வாங்குவோர் கையில் அள்ளி நோக்குவர். இந்நாளிலோ தொட்டுப் பார்க்க இயலாத பொருள்களும் விலைபோகின்றன. கணினி விளையாட்டுகளில் வரும் துப்பாக்கிகளும் தொப்பிகளும் அத்தகையவை. விளையாடுவோர் இவற்றை இணையத்தின் வழியாகத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றனர், பணத்திற்கும் விற்கின்றனர். வாங்குவோர் பெரிதும் நம்புவது பொருளின் பெயரையே. அப்பெயர் உண்மையை மறைக்குமாயின் விளைவது யாது?

அமெரிக்க நாட்டு வால்வ் நிறுவனத்தார் நடத்தும் ‘ஸ்டீம்’ இத்தகைய வாணிகம் நிகழும் பேரிடமாகும். அந்நிறுவனத்தாரின் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ விளையாட்டில், துப்பாக்கிகளை அழகுசெய்யும் வண்ணப் பூச்சுகள் 2013-ஆம் ஆண்டில் வந்தன. இவற்றை ‘ஸ்கின்’ என்பர். இவற்றால் துப்பாக்கியின் ஆற்றல் மிகுவதில்லை. ஆயினும் அரியவை சில பல்லாயிரம் ரூபாய்க்கு விலைபோகின்றன. பூச்சின் தேய்வைக் குறிக்க 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. அது 0.07-க்குக் குறைந்தால், ஆலையிலிருந்து வந்த புதியது என்னும் பொருள்பட ‘ஃபேக்டரி நியூ’ என்பர், 0.45-க்கு மேற்பட்டால், போரில் வடுப்பட்டது என்னும் பொருள்பட ‘பேட்டில்-ஸ்கார்டு’ என்பர். இடையே மூன்று படிகள் உள.

இப்பெயர்களைக் கேட்போர், ஆட ஆடப் பூச்சுத் தேயும் என்று கருதுவர். உண்மை அதுவன்று. பொருள் தோன்றும்பொழுதே அவ்வெண் உறுதியாகிவிடுகிறது. ஆயிரம் முறை ஆடினும் மாறுவதில்லை. மேலும், 0.15 முதல் 0.38 வரையுள்ளவை யாவும் ‘ஃபீல்டு-டெஸ்டெட்’ என்னும் ஒரே பெயர் பெறும். ஆயினும், 0.16 உடையது ஏறக்குறையப் புதியதுபோல் விளங்கலாம், 0.37 உடையது வண்ணம் உதிர்ந்து தோன்றலாம். பெயரை மட்டும் கூறி எண்ணைக் கூறாது விற்பவன் பொய் சொல்லவில்லை. உண்மையை முழுதும் சொல்லவும் இல்லை.

வெளிப்படையான பொய்யும் உண்டு. தம் பொருளுக்குத் தாமே புதுப்பெயர் சூட்டி மகிழ, ‘நேம் டேக்’ என்னும் பெயர்ச்சீட்டு விளையாடுவோர்க்குக் கிடைக்கிறது. வஞ்சகர் சிலர் மலிவான பொருளுக்கு விலையுயர்ந்த பொருளின் பெயரைச் சூட்டி விற்க முயன்றனர். 2010-ஆம் ஆண்டில் பண்டமாற்றுத் தொடங்கிய ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ விளையாட்டில், இவ்வாறு சூட்டிய பெயர் மேற்கோள் குறிகளுக்குள் தோன்றும். அச்சிறு குறியைக் காணாதவர் ஏமாறுவர்.

பொருளுக்கேயன்றி ஆளுக்கும் பொய்ப்பெயர் உண்டு. ஸ்டீமில் எவரும் எப்பெயரையும் வைத்துக்கொள்ளலாம். வஞ்சகன் ஒருவன் நற்பெயர் பெற்ற வணிகரின் பெயரையும் படத்தையும் மேற்கொண்டு, “நான் நடுவன், பொருளை என்னிடம் கொடுங்கள்” என்பான். கொடுத்தவர் பிறகு அவனைக் காணார். பெயர் மாறினும், ஒவ்வொரு கணக்கிற்கும் உரிய 17 இலக்க எண் மாறுவதில்லை. அதனை ஒப்பிட்டு நோக்கின் வேடம் கலையும்.

“விளையாட்டுத்தானே!” என்று இதனை இகழ்தல் தகாது. பொருள் கற்பனையாயினும், கொடுத்த பணம் கற்பனையன்று. சிறுவன் ஒருவன் நெடுநாள் சேர்த்த காசாகவும் அது இருக்கக்கூடும். இழப்பு அவனோடு நிற்பதுமில்லை. ஒருவன் சொல் பொய்யானால், மெய் கூறும் வணிகரையும் பிறர் ஐயுறுவர்.

ஆதலின் வாங்குவோர் பெயரோடு நில்லாது, எண்ணையும் குறியையும் நோக்கிய பின்னரே ஒப்புதல் அளித்தல் வேண்டும். விரைந்து முடிக்குமாறு தூண்டுவோரிடம் விலகி நிற்றல் நன்று. விற்போர்க்கும் கடமை உண்டு: கேளாதிருப்பினும் குறையைச் சொல்லி விற்றல் வேண்டும். முகம் காணாத இடத்தில் ஒருவனுக்கு உள்ள முதல் அவன் சொல்லே. அதனை இழந்தவன் வேறு எதனைக்கொண்டு வாணிகம் செய்வான்?